தொலையாத பந்து

மனித குலம் இதுவரை உருப்படியாக மூன்று காரியங்கள் செய்திருக்கிறது. நெருப்பை மூட்டியது. சக்கரத்தை உருட்டியது. தொலையாத கோல்ஃப் பந்தைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் செய்த மகானுபாவர்கள் யாரென்று தெரியவில்லை. பாவம், அவர்களிடம் விளம்பரப் பிரிவு இல்லை. மூன்றாவதைச் செய்தவர்களிடம் இருந்தது. ஆகவே அந்த மகத்தான பந்து ஒரு சாதாரண கிளப்புக்குள் அடியெடுத்து வைத்த வரலாற்றையும், அதை வரவழைக்க அந்த கிளப்பின் செயலாளர் செய்த தியாகத்தையும் வருங்காலச் சந்ததிகளுக்காகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சந்ததிகள் படிக்கப் போவதில்லை. பந்து படித்துச் சொல்லும்.

செயலாளர் தொழிலால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் பார்வையையெல்லாம் சரி செய்து அனுப்புகிறவர். தான் அடித்த பந்து எங்கே போய் விழுந்தது என்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, புதரில்தான் இருக்கும். எந்தத் திசையைப் பார்த்து அடித்தாலும், காற்று எந்தப் பக்கம் வீசினாலும், பந்து புல்வெளிக்கு மேலே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணைப் போல நேரே புதருக்குள் போய் இறங்கிவிடும். உறுப்பினர்கள் முகத்துக்கு நேரே அவரை 'செயலாளர் சார்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'புதர்' என்றும் அழைத்தார்கள். அவருக்கு இரண்டுமே கேட்கும்.

சனிக்கிழமை தோறும் அவரோடு ஆடுகிறவர் அவருடைய மாமனார். ஓய்வு பெற்ற நீதிபதி. கிளப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கும் தலைவர். பணியில் இருந்த காலம் முழுக்க, சொன்ன தீர்ப்பை அவர் மாற்றிச் சொன்னதில்லை. மேல் கோர்ட்டு சில சமயம் மாற்றியிருக்கிறது. அது மேல் கோர்ட்டின் அறியாமை. கண் பரிசோதனைக்குப் போன மகள் கண்ணாடியோடு கண்ணாடிக்காரரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, அவர் அன்றைக்கே தீர்ப்பு வழங்கிவிட்டார்:

"கட்டிக்கோ. ஆனா ஒரே கூரைக்குக் கீழ அந்த ஆளோட நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

காலம் போயிற்று. நீதிபதியின் மனைவி போனார். நீதிபதி மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். கூரை ஒன்றாயிற்று. தீர்ப்பு அப்படியே நின்றது.

"அந்த ஆள்கிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்பார் சாப்பாட்டு மேசையில், மகளிடம்.

"உப்பு வேணுமாம் அப்பாவுக்கு."

"தள்ளிட்டேன்னு சொல்லு," என்பார் செயலாளர்.

"பாத்தேன்னு சொல்லு," என்பார் நீதிபதி.

"ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து என் சாப்பாடு ஆறிப்போகுது, அதையும் யாராவது யார்கிட்டயாவது சொல்லுங்க," என்பாள் மகள்.

கோல்ஃப் மைதானத்துக்குக் கூரை கிடையாது. ஆனால் மட்டையை ஓங்கும்போது சத்தம் போடாமலிருப்பது ஆட்டத்தின் மரியாதை. நீதிபதி மரியாதையில் கரை கண்டவர். ஓங்காதபோதும் சத்தம் போடமாட்டார். புல்வெளியில் இரண்டு பேரும் இரண்டு தந்திக்கம்பங்கள் மாதிரி, நடுவில் கம்பி கூட இல்லாமல் நடந்துபோவார்கள். பந்து புதருக்குள் விழுந்தால் மட்டும் நிலைமை வேறு. சக ஆட்டக்காரரின் பந்தைத் தேட உதவுவதும் ஆட்டத்தின் மரியாதைதான். வாயைத் திறக்காமல் எப்படி உதவுவது?

"அங்க இல்லய்யா, இந்தப் பக்கம் பாரு," என்று ஆரம்பிக்கும்.

"சரி மாமா."

"ராத்திரியெல்லாம் இருமறியே, டாக்டர்கிட்ட போனியா?"

"சும்மா தொண்டைக் கரகரப்பு மாமா."

"எல்லாரும் சும்மான்னுதான் ஆரம்பிக்கறாங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரு. உன் கடைக்கு எதிர்லயே புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கானாமே?"

"ஆமாம் மாமா. உள்ள ஏ.சி.யெல்லாம் வெச்சிருக்கான்."

"வெச்சுக்கட்டும். கண்ணு தெரியாதவன் காத்து வாங்கவா கடைக்கு வரப்போறான்? பயந்துடாதே."

புதரில் பந்து கிடைக்க எப்போதுமே நேரமாகும். நீதிபதி ஒரே இடத்தில் தூண் மாதிரி நின்று, மட்டையை ஊன்றிக்கொண்டு, மருமகனை இங்கேயும் அங்கேயும் அனுப்பித் தேடச் சொல்வார். வயதானவர், குனிந்து தேட முடியாதல்லவா? ஒருவழியாகப் பந்து கிடைத்ததும் கோர்ட்டு கலைந்துவிடும். அதன்பிறகு மறுபடி தந்திக்கம்பம்.

வேறு யாராவது இருந்தால் இதைப் பாக்கியம் என்று நினைத்திருப்பார்கள். செயலாளர் நல்ல மனிதர், ஆகவே இதைப் பாவம் என்று நினைத்தார். 'இந்த வயசுல பெரியவரை முள்ளுக்குள்ள நிக்க வெக்கறோமே. கொசு கடிக்குது. வேட்டைக்குப் போனவன் மாதிரி பேண்ட் முழுக்க ஒட்டுப்புல். நம்ம பந்து மட்டும் தொலையாம இருந்தா அவர் வாயாலயே ஒருநாள் பரவாயில்லையேன்னு சொல்வார்.' அந்த 'பரவாயில்லையே' ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்காக அறிவியலின் காலில் போய் விழுந்தார்.

அறிவியல், டை கட்டிக்கொண்டு செயற்குழுக் கூட்டத்துக்கு வந்தது. நிறுவனப் பிரதிநிதி. டை அவருடைய பெல்ட்டையும் தாண்டித் தொங்கியது. எதிர்காலத்தை எட்டிப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தது போலும். அவர் ஒரு பந்தை வெல்வெட் துணியில் சுற்றி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பந்துக்குள்ள ஒரு மூளை இருக்கு சார்."

"அப்ப அடிச்சா வலிக்குமா?" என்று கேட்டார் பல் டாக்டர். அவர் துணைத்தலைவர், தொழில் முறையில் இந்தக் கேள்விக்குப் பழகியவர்.

"வலிக்காது சார். ஆனா ஞாபகம் வெச்சுக்கும்."

பந்து பேசியது. ரயில் நிலையத்தில் தாமதத்துக்கு வருந்துகிற பெண்மணியின் குரல். "வணக்கம். நான் உங்கள் பந்து. நான் மேசையின் மேல் இருக்கிறேன்."

செயற்குழு கைதட்டியது. பந்து மேசைமேல் இருப்பது எல்லோருக்கும் முன்னமே தெரியும். ஆனால் 'அதிகாரபூர்வமாக' அப்போதுதான் தெரிந்தது.

"இது ஆரம்பம்தான்," என்றார் டை. "அடுத்து வர்ற பந்து தானாவே குழியைத் தேடிப் போயிடும். அதுக்கடுத்து மட்டை தானாவே வீசும். அப்புறம் நீங்க மைதானத்துக்கு வரவே வேண்டாம், வீட்லயிருந்தே ஆடலாம். அதுக்கும் அப்புறம்..."

"அதுக்கும் அப்புறம்?"

"நீங்க ஆடி முடிச்சிட்டீங்கன்னு உங்களுக்குத் தகவல் வரும்."

"அப்ப நாங்க என்னய்யா பண்றது?"

"நிம்மதியா ஓய்வெடுக்கலாம் சார்."

"ஓய்வுல இருக்கறதாலதானேய்யா இங்க வந்து விழறோம்?" என்றார் பல் டாக்டர். இந்தக் கேள்வி நேரமின்மை காரணமாகக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

மூலையிலிருந்து நீதிபதி தொண்டையைச் செருமினார். அறை எழுந்து நிற்கலாமா என்று யோசித்தது.

"பந்து புதருக்குள்ள விழுந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். தேடறது?"

டையின் முகம் மலர்ந்தது. இதற்காகவே காத்திருந்தவர் போல, பையிலிருந்து பந்தின் அட்டை உறையை எடுத்து உயர்த்திக் காட்டினார். தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. "தேடவே வேண்டாம்! எங்க நிறுவனத்தோட வாசகமே அதுதான் சார்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகன் கடைக் கண்ணாடி; மகள் வழியாக அளவெடுத்து, மகள் வழியாக வந்து சேர்ந்தது. பிறகு தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினார். அவர் ஒருவர்தான் தூக்கினார். 'கொண்டுவந்தது நான் இல்லையா, அதான்,' என்று நினைத்துக்கொண்டார் செயலாளர். இனி கிளப்பில் வேறெந்தப் பந்தும் செல்லாது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆடுகிறவர்கள் அந்தப் பந்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்ற நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் செயலாளர் கையெழுத்துப் போட்டார்.

அன்றுமுதல் பொற்காலம்.

செயலாளர் அடிப்பார். பந்து வழக்கம்போல யோசித்து, வழக்கம்போலப் புதருக்குள் இறங்கும். உடனே குரல் வரும்: "நான் தொலையவில்லை. நான் புதருக்குள் இருக்கிறேன். நேராக வரவும். இடப்பக்கம் திரும்பவும். குனியவும். நன்றி. என்னைக் கண்டெடுத்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

செயலாளர் குனிவார், எடுப்பார், நட்சத்திரம் தருவார். நீதிபதி புதருக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருப்பார். உள்ளே வர அவருக்கு முகாந்திரம் இல்லை. செயலாளர் பந்தை உயர்த்திக் காட்டி, 'பரவாயில்லையே'வுக்காக அவர் முகத்தைப் பார்ப்பார். நீதிபதி அடுத்த குழியைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார்.

ஆட்டம் மளமளவென்று முடிந்தது. நாள் முழுக்க ஆடியவர்கள் மதியத்துக்கே வீடு திரும்பினார்கள். 'சேமிக்கப்பட்ட நேரம்' என்று அறிவிப்புப் பலகையில் படம் வரைந்து மாட்டினார் செயலாளர். பல் டாக்டரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, "சேமிச்சதையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க, அவரைப் பழைய நேரத்துக்கே அனுப்புங்க, வீட்டுல உக்காந்து என் பல்லைப் பாத்துக்கிட்டே இருக்கார்," என்று பாராட்டினார்.

வீட்டில் நீதிபதி டி.வி.யைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். ஒருநாள் கடைக்கு வந்த மனைவி, கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா அண்ணன் வீட்டுக்குப் போறேங்கறார்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரேயடியா. கோப்பைப் போட்டி முடிஞ்சதும் கிளம்பறாராம். பெட்டி கட்டிட்டார்."

"ஏன்? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலையாம். இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லங்கறார்."

"பேசமாட்டேன்னு சொன்னதே அவருதானே!"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அது தீர்ப்பும்மா, இது வேற'ன்னார். அது என்ன வேறன்னு கேட்டா, கண்ணைத் துடைச்சுக்கிட்டு பவர் மாறிடுச்சுங்கறார்."

செயலாளர் அன்று இரண்டு பேருக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிட்டார். பெரியவர் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்க ஆளிருக்காது என்பது அவரை ஏனோ என்னவோ செய்தது. ஆனாலும் புத்தி பழைய தடத்திலேயே ஓடியது. 'கோப்பைப் போட்டியில ஒரு அடி, ஒரே ஒரு அடி நேரா அடிச்சுக் காட்டிட்டா மனுஷன் மனசு மாறிடுவார்.'

கோப்பைப் போட்டியன்று பந்தலும் நாற்காலியும் விருந்தினரும் டையும் வந்து சேர்ந்தார்கள். செயலாளர் மூச்சைப் பிடித்து, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, ஓங்கி அடித்தார். பந்து நேரே போயிற்று. இன்னும் நேரே போயிற்று. கூட்டம் எழுந்து நின்றது. பந்துக்குத் திடீரென்று ஏதோ நினைவு வந்தது. புதருக்குள் இறங்கிவிட்டது.

"நான் தொலையவில்லை," என்று குரல் வந்தது.

அப்போது யாரும் எதிர்பாராதது நடந்தது. நீதிபதி ஓடினார். குனியக்கூட முடியாதவர் என்று மருத்துவச் சான்று இல்லாமலே நம்பப்பட்டவர், முயல் மாதிரி புதருக்குள் பாய்ந்தார். செயலாளர் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது மாமனார் தூண் மாதிரி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தின் குரல் தலையணைக்குள்ளிருந்து வருவது போல முனகியது.

"சத்தம் இங்கதான் எங்கயோ கேக்குது மாமா."

"அங்க இல்லய்யா. அந்தப் பக்கம் போய்ப் பாரு."

எவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! செயலாளர் அந்தப் பக்கம் போனார். பந்தைத் தேடவில்லை. இலைகளைச் சும்மா விலக்கிக்கொண்டிருந்தார்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சா மாமா?"

"கட்டியாச்சு. இருமல் நின்னுதா?"

"இன்னும் இருக்கு."

"டாக்டர்கிட்ட போகலை."

"போகலை மாமா."

"போகமாட்டே. கழுதை மாதிரி வயசாச்சு, புத்தி சொல்ல ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும் உனக்கு. எதிர்க்கடைக்காரன் எப்படி இருக்கான்?"

"ஏ.சி. ரிப்பேராம் மாமா."

நீதிபதி சிரித்தார். சிரித்தபோது உடம்பு குலுங்கியது. உடம்பு குலுங்கியபோது கால் கொஞ்சம் நகர்ந்தது. இடுக்கு கிடைத்த பந்து, அவசர நிலைக்கான குரலில் மைதானமே அதிரக் கத்தியது:

"கவனிக்கவும்! என் மீது ஒருவர் நிற்கிறார். வலது காலை எடுக்கவும். இது விதிமீறல். அனைத்து உறுப்பினர்களுக்கும் தகவல் அனுப்பப்பட்டுவிட்டது."

பந்தலில் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. புதரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நீதிபதி காலை எடுத்தார். சேற்றில் பாதி புதைந்த பந்து அவரைப் பார்த்துக் கேட்டது: "நன்றி. இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?"

"சொந்த மாப்பிள்ளை பந்தையே மிதிச்சிருக்கார்ப்பா," என்றது ஒரு குரல். "ஒரு கோப்பைக்காகவா?" என்றது இன்னொன்று. டை மட்டும் பூரித்துப்போயிருந்தார். "பாத்தீங்களா சார்! குற்றத்தைக் கண்டுபிடிச்சிருக்கு!"

விசாரணை கிளப் கட்டடத்துக்குள் உடனே நடந்தது. விதிப்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவர்தான் விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே என்றால் என்ன செய்வது என்று விதி சொல்லவில்லை. நீதிபதி விதியை மீறத் தயாராயில்லை. கோப்பை அலமாரிக்கு முன்னால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து பதில் சொன்னார்.

"பந்தை மிதிச்சீங்களா?"

நாற்காலி மாறினார். "மிதிச்சேன்."

நாற்காலி மாறினார். "தெரியாமலா, தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"இதுதான் முதல் தடவையா? உண்மையைச் சொல்லணும்," என்று எதிரிலிருந்த காலி நாற்காலியைக் கடுமையாகப் பார்த்தார்.

போய் உட்கார்ந்தார்.

"இல்ல. வருஷக்கணக்கா மிதிக்கறேன். இவன் பந்து புதர்ல விழுந்ததும் முதல்ல என் கண்ணுலதான் படும். நல்ல கண்ணாடி. அது மேல ஏறி நின்னுக்குவேன்."

"எதுக்கு? ஜெயிக்கறதுக்கா?"

"இவனை ஜெயிக்கறதுக்கு எதுக்குய்யா மிதிக்கணும்? இவன்கிட்ட தோக்கறதுதான் கஷ்டம்." அறையில் யாரும் சிரிக்கவில்லை. "பந்து கிடைச்சிட்டா பேச்சு முடிஞ்சிடும். அதான். வீட்டுல பேசமாட்டேன்னு ஒரு தீர்ப்பு சொல்லித் தொலைச்சிட்டேன். சொன்னதை மாத்திப் பழக்கமில்ல. புதருக்குக் கூரை கிடையாது."

தலைவர் நாற்காலிக்குத் திரும்பி வந்தவர் கொஞ்சம் கிழவராகத் தெரிந்தார். "குற்றம் நிரூபணமாயிருக்கு. இந்தப் பருவம் முழுக்க இவர் ஆடக்கூடாது. கூட நடந்து வேடிக்கை பாக்கலாம். வேற யாருக்காவது கேள்வி இருக்கா?"

செயலாளர் எழுந்தார். எத்தனை பந்து, எத்தனை சனிக்கிழமை, எத்தனை ஒட்டுப்புல்! இந்த மனிதரை முள்ளிலிருந்து காப்பாற்றத்தானா கையெழுத்துப் போட்டோம்?

"குற்றவாளிகிட்ட செயலாளருக்கு ஒரு கேள்வி."

"கேக்கலாம்."

"அடுத்த சனிக்கிழமை அவர் ஊர்ல இருப்பாரா?"

நீதிபதி எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கூரை இருந்தது. நல்ல கான்கிரீட் கூரை, சந்தேகத்துக்கு இடமேயில்லை. பிறகு நேருக்கு நேராகப் பார்த்தார்.

"இருன்னா இருக்கேன், மாப்பிள்ளை."

அந்தச் சொல்லை அவர் அதுவரை புதருக்குள்ளேகூடச் சொன்னதில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"சார், ஒரு நல்ல சேதி," என்று டை இடையில் புகுந்தார். "இந்த மாதிரி வாடிக்கையாளர்களோட தேவையை எங்க நிறுவனம் முன்னமே யோசிச்சிருக்கு. அடுத்து வர்ற பந்துல 'தொலையும் வசதி' இருக்கு. கூடுதல் சந்தா கட்டினா போதும், வாரம் ஒரு தடவை தொலைஞ்சுபோகும்."

"பழைய பந்து சும்மாவே தொலையுமேய்யா," என்றார் பல் டாக்டர். நேரமின்மை காரணமாக இதுவும் குறிப்பில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை செயலாளர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து வந்தார். கிளப் விதிக்கு முற்றிலும் விரோதம். மூளையுள்ள பந்தும் ஒப்பந்தப்படி சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நீதிபதி தண்டனைக் கைதியாக, மட்டையில்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட நடந்தார். செயலாளர் அடித்தார். பந்து யோசித்தது. பிறந்த வீட்டுக்குப் போயிற்று.

இருவரும் உள்ளே நுழைந்தார்கள். இந்த முறை பந்து செயலாளரின் கண்ணில்தான் முதலில் பட்டது. வெள்ளை வெளேரென்று, காலுக்கு முன்னாலேயே கிடந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். மெல்ல அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"கிடைச்சுதா?" என்றார் நீதிபதி, பக்கத்துச் செடியை விலக்கியபடி.

"இன்னும் இல்ல மாமா. நீங்க அந்தப் பக்கம் பாருங்க. நேத்து டாக்டர்கிட்ட போனேன், மருந்து குடுத்திருக்கார், கசப்பு..."

"உறுப்பினர் பொய் சொல்கிறார்," என்றது சட்டைப்பை. "பந்து அவருடைய இடது காலுக்குக் கீழே இருக்கிறது. அனைத்து உறுப்பினர்களுக்கும்..."

நீதிபதி நிமிர்ந்தார். மருமகனின் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கோர்ட்டில் பல குடும்பங்களை நடுங்க வைத்த அந்தப் புருவம் மெதுவாக உயர்ந்தது.

"சாட்சியத்தை ஏத்துக்க முடியாது," என்றார். "அதை வெளியேத்து, மாப்பிள்ளை."

செயலாளர் பேசும் பந்தை எடுத்துப் புதருக்கு வெளியே வைத்து, மட்டையை ஓங்கி ஒரு போடு போட்டார். அவர் வாழ்நாளில் அடித்த ஒரே நேரான அடி அதுதான். பந்து யோசிக்கவேயில்லை. புல்வெளியைக் கடந்து, மணல்குழியைக் கடந்து, குளத்துக்கு நட்டநடுவில் போய்த் தொபுக்கென்று விழுந்தது.

"பரவாயில்லையே!" என்றார் நீதிபதி.

அந்தப் பந்து இன்றும் பழுதில்லாமல் இருக்கிறது. நீரில் ஊறாது, துரு ஏறாது, மின்கலம் தீராது. அறிவியலின் வெற்றி என்றால் வெற்றிதான். மாலை நேரத்தில் குளக்கரைப் பக்கம் போனால் யாரும் கேட்கலாம்: "நான் தொலையவில்லை. நான் குளத்தின் நடுவில் இருக்கிறேன். யாராவது வரவும். தயவுசெய்து யாராவது வரவும்." கேட்கவே பாவமாக இருக்கும். ஆனால் இதுவரை ஒருவரும் போகவில்லை. கிளப் ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறது. உறையின் மேலே தங்க எழுத்தில் நிறுவனமே அச்சடித்துத் தந்திருக்கிறதே, 'தேடவே வேண்டாம்' என்று.